சக்களத்தியின் சர்வீஸ் சரித்திரம்

10.6.2025, செவ்வாய்

சக்களத்திக்கு ஓய்வு கொடுக்கிறார்களாம். விசாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

இவர் அதைக் கண்ணாடி போட்டு ஒரு முறை, கழற்றி ஒரு முறை, வாசல் வெளிச்சத்தில் நின்று ஒரு முறை படித்தார். எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட இத்தனை முறை படித்திருக்க மாட்டார். ஐ.என்.எஸ். குருசடை, கடற்படை ரோந்துப் படகு, 1989 முதல் 2025 வரை. செப்டம்பர் 26 அன்று கொடியை இறக்குகிறார்கள். பழைய ஆட்கள் குடும்பத்தோடு வரலாம். ஒரு நினைவு மலரும் போடுகிறார்கள். அவரவர் இருந்த வருஷங்களில் படகு எங்கே போனது, என்ன செய்தது என்று எழுதி அனுப்பலாம்.

மற்றவளுக்கெல்லாம் மாமியார் வாய்த்தாள். எனக்கு முப்பத்தேழு மீட்டர் நீளத்தில் இது வாய்த்தது. எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே இவர் அதில் எஞ்சின் மெக்கானிக். பார்க்கப்போனால் மூத்தவள் அவள்தான்.

"சௌந்தரி, நான் சொல்லிகினே வரேன். நீ கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடு."

"ஏன், உங்களுக்குக் கை இல்லியா?"

"என் எழுத்த எவன் படிப்பான்?"

அது வாஸ்தவம். கோழி கிளறின எழுத்து. நான் பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தாறு வருஷம் டைப் அடித்தவள். சரி என்றேன்.

14.6.2025, சனி

தொடங்கியாயிற்று. இவர் ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டை வேறு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் பனியனோடு திரிகிற மனிதர்.

"புதுசுல அவ இருபத்தெட்டு நாட் ஓடுவா. தண்ணிய அப்டியே கிழிச்சுகினு போவா."

நான் 'படகு இருபத்தெட்டு நாட் வேகத்தில் ஓடும்' என்று அடித்தேன். பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இன்னா இது, அவளப் போயி படகுன்னு போட்டுகீற?"

"பின்ன, மகாராணின்னு போடணுமா?"

ஒரு மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். முப்பது பேருக்கு இரண்டே குளியலறை, ஆளுக்கு ஒரு பக்கெட் நல்ல தண்ணீர், காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கேப்டன் உட்பட எல்லோரும் வாந்தி. இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். எழுது, அதுதானே உண்மை என்றார்.

17.6.2025, செவ்வாய்

இன்று முழுக்க எஞ்சின். இடது எஞ்சின், வலது எஞ்சின். எனக்குத் தலைக்குள் மூன்றாவதாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

22.6.2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தோம். 1993-க்கு வந்துவிட்டோம்.

"பிப்ரவரில ரெண்டு ரோந்து. மார்ச்சுல புரொபெல்லர் மாத்துனோம். ஏப்ரல்ல பாராதீப் போனோம்."

அவ்வளவுதான். என் விரல் மார்ச் என்ற வார்த்தையிலேயே நின்றது. இவர் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தாரோ என்னவோ.

அந்த மார்ச்சில்தான் ஸ்வீட்லினுக்கு ஞானஸ்நானம். அந்தப் படகில்தான். கப்பல்காரர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டாம். குழந்தை பிறந்தால் கப்பல் மணியைத் தலைகீழாகத் திருப்பி, அதில் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பிறகு மணியின் உள்பக்கம் பிள்ளையின் பெயரை வெட்டி வைப்பார்கள். அப்போதிருந்த கேப்டன் எங்கோ படித்துவிட்டு, நாமும் செய்வோம் என்றார். சாமியார் ஒரு கையில் ஜெபப் புத்தகமும் மறு கையில் படகின் கைப்பிடிக் கம்பியுமாக வந்து சேர்ந்தார். படகைத் துறையில்தான் கட்டியிருந்தார்கள், அதற்கே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஸ்வீட்லின் அழவே இல்லை. தண்ணீர் பட்டதும் ஒரு தும்மல் போட்டாள். மொத்தப் படகும் சிரித்தது. சமையல்காரர் கோவிந்தன் எல்லோருக்கும் கேசரி கிண்டினார்.

மறு வருஷம் ஏப்ரலில் மூளைக்காய்ச்சல். மூன்றே நாள். இவர் கடலில் இருந்தார். வந்து சேர்வதற்குள் மண் போட்டாயிற்று. ஒரு வயது இரண்டு மாதம்.

அந்த வருஷத்தோடு அவள் பெயர் இந்த வீட்டில் நின்றுபோயிற்று. இவரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. யார் முதலில் நிறுத்தினோம் என்று நினைவில்லை. 2001-இல் விசாகப்பட்டினத்தை விட்டு ஊரோடு திரும்பும்போது கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அந்த இடத்தில் வேறு யாருடைய சிலுவையோ நின்றது. இட நெருக்கடி, அப்படித்தான் செய்வார்களாம். ஆக, அவள் பெயர் எழுதியிருக்கிற இடம் என்று பார்த்தால் அந்த மணி ஒன்றுதான். எங்கள் மகன் ஜாக்சனுக்கே தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று பதினாறு வயதில் என் அக்கா சொல்லித்தான் தெரியும்.

இந்த டைப் வேலைக்கு நான் ஏன் தலையாட்டினேன்? டீசல் டேங்க் அளவு வரைக்கும் ஞாபகமாகச் சொல்கிற வாய், அந்த ஒரு பெயரையும் சொல்லிவிடாதா என்றுதான். அவர் வாயால் ஒரு முறை கேட்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியது. வேறு ஒன்றும் வேண்டாம்.

29.6.2025, ஞாயிறு

கோவிந்தன் வந்திருந்தார். கரையான்சாவடியில் டிபன் கடை வைத்திருக்கிறார். கடையை மகன் யுவராஜிடம் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வந்தாராம். கையில் வடை பொட்டலம்.

புயல் கதை இன்று. மூன்று நாள் கடலில் தத்தளித்த ஒன்பது மீனவர்களைக் குருசடை ஏற்றிக்கொண்டு வந்தது. பாதி வழியில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டது. இவர் மற்ற எஞ்சினோடு பதினாலு மணி நேரம் கீழேயே கிடந்தார்.

"அண்ணாத்த கீழ எஞ்சின கட்டிப் புடிச்சிகினு கீறாரு, நான் மேல சோத்துப் பானைய கட்டிப் புடிச்சிகினு கீறேன். அந்த ஒம்போது பேருல ஒரு பெருசு, 'தம்பி, உப்பு தூக்கலா கீது'ன்னாரு அண்ணி. செத்துப் பொழச்சி வந்த ஆளு!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். நானும்தான். இவர் இப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. அந்தப் படகு மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் இந்தச் சிரிப்பை அதுதானே கொடுக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

6.7.2025, ஞாயிறு

1994. "மார்ச்சு வரைக்கும் தெற்குப் பக்கம் ரோந்து. ஜூன்ல புது ரேடார் வச்சாங்க."

"நடுவுல ரெண்டு மாசம் காணோமே" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"டாக்குல ரிப்பேருக்கு நின்னுகினு இருந்துச்சு."

டாக்கில் நிற்கவில்லை. அந்த ஏப்ரலில் படகு எங்கே இருந்தது என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். மூன்று வரி இடம் விட்டுவிட்டு ஜூனை அடித்தேன்.

அந்த வருஷக் கடைசியில்தான் பெரிய கப்பலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். பதவி உயர்வோடு. மொரீஷியஸ், சீஷெல்ஸ் எல்லாம் போகிற கப்பல். இவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்து, மன்றாடி, இந்தத் தகர டப்பாவிலேயே இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். பிறகு 98-இல் திரும்பவும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பிள்ளையைப் பறிகொடுத்தவளை விட்டுவிட்டு அந்த எஞ்சினோடு என்ன அப்படி? இன்று வரை எனக்கு அது ஆறவில்லை.

20.7.2025, ஞாயிறு

மழை. கரண்ட் இல்லை. வேலை நடக்கவில்லை. இவர் விட்டு விட்டு மூன்று முறை கேட்டார், கரண்ட் வந்துவிட்டதா என்று.

9.8.2025, சனி

படுக்கப் போகுமுன் இதை எழுதிவிடுகிறேன்.

ஆவடியிலிருந்து செல்வகுமார் என்று ஒருவர் வந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். 2011-இலிருந்து 14 வரைக்கும் குருசடையில் இருந்தவர். நான் டைப் அடிப்பது கோவிந்தன் மூலம் தெரிந்து, தன் பங்கையும் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வாசிக்க அடித்தேன். இவர் எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"காலை எட்டு மணிக்கு ஸ்வீட்லின் அடித்ததும் கொடி ஏற்றுவோம்" என்று வாசித்தார்.

நான் நிறுத்தினேன். "யாருப்பா ஸ்வீட்லின்?"

"மணி, ஆன்ட்டி. எங்க போட்ல மணிக்கு அதான் பேரு. 'ஸ்வீட்லின் அடி', 'ஸ்வீட்லினத் தொட'ன்னுதான் சொல்வோம். பஞ்சாப்காரன், ஒரிசாக்காரன் எல்லாருமே அப்டித்தான். புதுசா வர்றவனுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துருவாங்க."

"யார் வச்சாங்க?"

"தெரியல ஆன்ட்டி. நான் போறப்பவே அப்டித்தான் இருந்துச்சு. உள்பக்கம் பேரு வெட்டிருக்கும்."

எதிரில் பேப்பர் அசையவே இல்லை.

அவருக்குக் காப்பி கொடுத்து, மிச்சத்தையும் அடித்து முடித்து, வாசல் வரைக்கும் வழியனுப்பிவிட்டு வந்தேன். எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தினி வருசமா?"

பேப்பரை மடித்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "நான்தான் கூப்ட ஆரம்பிச்சேன். லீவு முடிஞ்சி போட்டுக்குப் போனேன். மணி தொங்கிகினு கீது. வாயில வந்துச்சு, கூப்ட்டேன். கூட இருந்தவனுங்க ஒண்ணியும் கேக்கல. அவனுங்களும் கூப்ட ஆரம்பிச்சுட்டானுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஊட்ல பேர எடுத்தா நீ எந்திரிச்சி உள்ள பூடுவ. அங்க ஒரு நாளைக்குப் பத்து தபா கூப்டாங்க, சௌந்தரி. கேட்டுகினு கெடந்தேன்."

"அதுக்குத்தான் பெரிய கப்பலுக்குப் போவாம—"

"அங்க நம்ம பொண்ணு இல்லியே."

எனக்கு அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு. முப்பத்தோரு வருசம்! எவனோ பஞ்சாப்காரன் எம் பொண்ணு பேரச் சொல்லிக் கூப்டறான். பெத்தவ நான் இங்க வாயக் கட்டிகினு கீறேன். இவரு மட்டும் காது குளிரக் கேட்டுகினு இருந்தாராமா? எனக்குன்னு ஒரு தபா, ஒரே தபா, சொல்லியிருக்கக் கூடாதா?

10.8.2025, ஞாயிறு

பேசவில்லை.

11.8.2025, திங்கள்

பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டேன். தட்டைக் கழுவி வைத்திருக்கிறார். அதைச் செய்தால் நான் கரைந்துவிடுவேன் என்று நினைப்பு.

12.8.2025, செவ்வாய்

நான் எழுந்து உள்ளே போனேனா?

போனேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸ். இவர் ஸ்டூல் மேல் ஏறி ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார். "ஸ்வீட்லின் இருந்தா இத்தப் புடிச்சு இழுத்துருப்பா" என்றார். நான் பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் திறக்கவில்லை. வெளியே அவர் தட்டக்கூட இல்லை, நின்றுகொண்டே இருந்தார். கதவுக்குக் கீழே அவர் கால் தெரிந்தது.

யார் முதலில் நிறுத்தினோம் என்று நினைவில்லை என்று எழுதியிருக்கிறேனே, ஜூன் மாதம். பொய். நினைவு இருந்தது. எடுத்துப் பார்க்கத்தான் தைரியமில்லை.

14.8.2025, வியாழன்

கோவிந்தனுக்குப் போன் போட்டு, உங்களுக்கும் தெரியுமா என்று சண்டை பிடித்தேன். அவர் பாவம், கடையில் கூட்டம்.

"தெரியாம இன்னா அண்ணி? அண்ணாத்தைக்குக் கப்பல்ல ரம்மு தருவாங்கல்ல, அந்தப் பங்கு மொத்தமும் டெக்குக்காரனுக்குப் பூடும். பதிலுக்கு மணி தொடைக்கிற வேல இவருக்கு. எஞ்சின்காரன் எதுக்குய்யா மேல வந்து மணி தொடைக்கிறான்னு புதுசா வர்ற ஆபீசருங்கோ கேப்பாங்க. நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 94-இல் இவர் குடியை விட்டார். நான் வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டதால் விட்டார் என்றல்லவா இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்! அதற்காக மொட்டையே போட்டேனே! இவரும் என் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாதாவுக்கு சக்திதான்" என்றாரே, கல்லுளிமங்கன்.

அங்கே இருந்த வருஷங்களை எண்ணினால் அந்த மணியை எத்தனை முறை துடைத்திருப்பார்! சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அழுகை வந்தது. நன்றாக அழுதேன். உள்ளே போகவில்லை, ஹாலிலேயே அழுதேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை.

16.8.2025, சனி

காலையில் 1994 பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன். நான் விட்டிருந்த மூன்று வரி இடத்தோடு. அதையும் ஒரு பேனாவையும் இவர் முன்னால் வைத்தேன்.

"டாக்கு கதையெல்லாம் வேணாம். உங்க கையாலயே எழுதுங்க. நான் அப்படியே அடிக்கிறேன்."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். பருப்பு வெந்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்து முடிக்கிற வரைக்கும் எழுதினார். வந்து பார்த்தால் ஆறு வரி. அந்தக் கோழிக் கிளறலை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'1994 ஏப்ரல். போட்டு கடலில் இருந்தது. 11-ந் தேதி என் மகள் ஸ்வீட்லின் இறந்தாள். இந்தப் போட்டின் மணியில் ஞானஸ்நானம் பெற்றவள். சேதி வந்ததும் கேப்டன் திருப்பினார். இரண்டு எஞ்சினையும் முழு வேகத்தில் ஓட்டினேன். 13-ந் தேதி கரை வந்தோம். அவள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஓடினாள். அவள் மேல் தப்பு இல்லை.'

அந்தக் கடைசி 'அவள்' யார் என்று எனக்குப் புரிந்தது. முப்பத்தொரு வருஷமாக நான் அந்தப் படகு மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் அந்த இரண்டு நாளும் கீழே அந்த அனலில், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தேன். 'போட்டு' என்றே அடித்தேன். 'அவள்' என்றே அடித்தேன்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றேன். வாசித்தார். அந்தப் பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனால் சொன்னார்.

27.9.2025, சனி

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது, படகில் எழுதின மாதிரி இருக்கிறது.

நேற்று அவளைப் பார்த்தேன். எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவு சின்னவளா? இத்தனை வருஷம் என் மனதில் ஒரு மலை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பார்த்தால், காட்டுப்பாக்கத்தில் ஜாக்சன் வீட்டுத் தெரு முனையிலிருந்து அவன் வாசல் வரைக்கும்கூட வரமாட்டாள். புதுப் பெயின்ட் அடித்து, கொடி கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

ஏறுகிற பலகையில் ஒரு வடநாட்டுப் பிள்ளை என் கையைப் பிடித்து ஏற்றினான். மணி அதே இடத்தில் இருந்தது. கண்ணாடியாக மின்னியது. நான் அதையே பார்ப்பதைப் பார்த்து, எனக்குப் புரியட்டும் என்று நிதானமாக, "ஸ்வீட்லின்" என்றான். கையால் மணியைக் காட்டினான். நான் தலையாட்டினேன். இவர் அவனிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவன் உடனே தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தான்.

மணிக்குள் கையை விட்டேன். எழுத்து விரலில் தட்டியது. இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அவளுக்குக் கீழே மேலும் ஐந்து பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள், இரண்டு இந்தியில். அவளுக்கு அப்புறம் வந்த பிள்ளைகள். எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

சூரியன் இறங்கும்போது கொடியை இறக்கினார்கள். இவர் சல்யூட் அடித்த கையை இறக்க மறந்து நின்றார். கோவிந்தன் குலுங்கிக் குலுங்கி அழுதார். இறங்குவதற்கு முன்னால் நான் கைப்பிடிக் கம்பியைத் தடவிக் கொடுத்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். "பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிடி" என்றுதான் வாயில் வந்தது.

மணி ஒரு அருங்காட்சியகத்துக்குப் போகிறதாம். எந்த ஊர் என்று இன்னும் முடிவாகவில்லை.

மலரில் எங்கள் பங்கு பதினோராம் பக்கம். ஜாக்சன் போன் செய்தான். "அம்மா, அக்காவப் பத்தி வந்துகீது, படிச்சேன்" என்றான். பிறகு பேச முடியாமல் வைத்துவிட்டான்.

16.11.2025, ஞாயிறு

சர்ச்சுப் பங்கிலிருந்து குடும்பக் கணக்கெடுப்பு. இரண்டு பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். இவர் உள்ளே குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் எழுதினார்கள்.

"பிள்ளைங்க எத்தன பேரு, ஆன்ட்டி?"

'ஒண்ணு' என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கம். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டு. எழுதிக்கோம்மா. பெரியவ ஸ்வீட்லின். தொண்ணூத்து நாலுல பூட்டா. சின்னவன் ஜாக்சன்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நான் எழுந்து உள்ளே போகவில்லை. ஸ்வீட்லின் பிறந்த தேதியைச் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு குழாய் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

"ஸ்வீட்லின் அம்மா, டீ கெடைக்குமா?"

என்னை இப்படி யாரும் கூப்பிட்டு முப்பத்தொரு வருஷம் ஆகிறது. "தோ, வரேன்" என்றேன். இவருக்கு இனிப்பே கூடாது என்று டாக்டர் சொன்னதை ஒரு நாளைக்கு ஓரமாக வைத்துவிட்டு, டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டேன்.